உப்புக் காற்றில் பட்டறை வேலை: வண்டி பழுது பார்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் பட்டறைக்குக் குறைவில்லை. மீன் வண்டி, உப்பு லாரி, கோயிலுக்கு வரும் பஸ், குட்டியானை, ஆட்டோ எல்லாம் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. வேறு ஊர்ப் பட்டறைகளுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் பின் (பூட்டு ஊசி), தீயணைப்பானின் அடிப்பாகம், கம்ப்ரசர் டாங்கின் உள்பக்கம், பிளக் பாயிண்டின் பித்தளை என்று உயிரைத் தாங்கும் பொருளையெல்லாம் உப்பு தின்றுகொண்டே இருக்கிறது. வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது. கீழே உள்ள பதில்களை அந்தக் கவலையோடுதான் எழுதியிருக்கிறோம்.

ஜாக்கி நல்லாத்தான் நிக்குது. ரெண்டு நிமிஷ வேலைக்கு ஸ்டாண்டு எதுக்கு?

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியின் மொத்தப் பாரத்தையும் பிடித்து நிறுத்துவது ஒரு ரப்பர் சீலும், மிளகு அளவு உருண்டை உட்காரும் ஒரு வால்வும். அந்த உருண்டைக்கு அடியில் ஒரு மணல் துகள் போனால் எண்ணெய் கசியும், வண்டி இறங்கும். நம் ஊரில் ஜாக்கிக்குள் மணல் போகாமல் இருந்தால்தான் அதிசயம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி கியரில் போடுங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, அது பிடிப்பதே பின் சக்கரங்களைத்தான். தூக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் உட்காரும்படி செய்யுங்கள். பிறகு வெளியே நின்று தோளால் வண்டியைப் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகாதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் சேஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) அடியில் படுக்க வைத்துவிடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அந்த ஓரடி இடைவெளி ஆளைக் காப்பாற்றும்.

காருக்கு 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி போதும். லாரியின் பின் ஆக்ஸிலுக்கு 10, 12 டன் ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டின் பின் தொலைந்துபோனால் பழைய போல்ட்டையோ கட்டுக்கம்பித் துண்டையோ செருகும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். மாதம் ஒருமுறை ஸ்டாண்டின் வெல்டிங் ஓரங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். துரு ஏடு ஏடாக உதிர்ந்தால் அது காயலான் கடைக்குப் போக வேண்டியது. பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள்.

எங்க பட்டறை மணல் தரை. என்ன செய்யலாம்?

ஒரு வண்டி நிற்கும் அளவுக்காவது சிமெண்டுத் தளம் போட்டுவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஜாக்கிக்கும் அடியில் ஒன்றரை அடி சதுரத்தில் 2 அங்குலக் கனப் பலகை, அதன்மேல் 8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. பலகை மட்டும் வைத்தால் ஸ்டாண்டின் கால் பலகையைப் பிளந்துகொண்டு இறங்கும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. அவை விரிசல் விட்டு எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் பொடிப்பொடியாகும். இரவு மழை பெய்திருந்தால், நேற்று ஏற்றிவைத்த வண்டியை இன்று புதிதாக ஏற்றுவதுபோல மறுபடி சோதியுங்கள்.

டிப்பர் பாடியைத் தூக்கிவிட்டு அடியில் வேலை பார்க்கலாமா?

முட்டுக் கொடுக்காமல் ஒருபோதும் கூடாது. பாடியைத் தூக்கி நிறுத்தியிருப்பது சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் மட்டுமே. ஓஸ் பைப்பின் யூனியனைத் தளர்த்தினாலோ, கேபினில் யாராவது லீவரைத் தட்டினாலோ பாடி கீழே வரும். சேஸுக்கும் பாடிக்கும் நடுவே இருப்பவருக்கு நகர நேரம் கிடைக்காது.

உப்பு லாரிகளில் இது இன்னும் மோசம். பாடி கீல், சிலிண்டர் பின், பைப் வாய் எல்லாம் உப்புநீர் வடிந்து அரித்திருக்கும். பாடியில் ஒரு கூடை உப்பு ஒட்டியிருந்தாலும் இறக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும். கம்பெனி கொடுத்த முட்டுக்கம்பி இருந்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் சேஸ் இரண்டு பக்கமும் கனமான இரும்பு முட்டு, நழுவாதபடி இரு முனையிலும் காடி (பள்ளம்) வைத்துச் செய்துகொள்ளுங்கள். சவுக்குக் கட்டை உருளும், அதை முட்டாக வைக்காதீர்கள். முட்டு வைத்த பிறகு லீவரை இறக்கும் பக்கம் போட்டு, பாடியை முட்டின்மேல் உட்கார வைத்துவிடுங்கள். அப்போதுதான் ஓஸில் அழுத்தம் இருக்காது. சாவியைக் கழற்றி அடியில் போகிறவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

வீல் நட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. காஸ் வைத்துச் சூடாக்கலாமா?

டயர் ரிம்மில் இருக்கும்போது கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. ரிம் சூடேறினால் டயரின் உள்பக்க ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயுவை விடும். டயருக்குள் மிஞ்சியிருக்கும் காற்றோடு அது கலந்து வெடிக்கும். நெருப்பை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போன பிறகுகூட வெடிக்கலாம். வால்வு பின்னைக் கழற்றிவிட்டேனே என்பார்கள், அந்தச் சிறிய ஓட்டை இந்த வேகத்துக்குப் போதாது. ரிம்மை வெல்டிங் செய்யவும் இதே விதிதான். டயரை முழுவதும் கழற்றி வைத்த பிறகே நெருப்பு.

இறுகிய நட்டுக்கு வேறு வழி: இழையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் முதலில் சற்று இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். பானாவில் பைப் மாட்டினால் உங்கள் பக்கமாக இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது நழுவினால் முகம் சேஸில் மோதும். அசையாவிட்டால் நட்டை வெட்டி எடுங்கள். ஒரு போல்ட்டின் விலை பெரிதல்ல.

லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது எங்கே நிற்க வேண்டும்?

டயரின் தரை தொடும் பக்கத்துக்கு நேரே, குறைந்தது பத்தடி தள்ளி. பக்கச் சுவருக்கு நேரே நிற்கக் கூடாது. லாரி டயரில் இருப்பது 100 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட காற்று. டயரை ரிம்மில் பூட்டும் இரும்பு வளையமான லாக் ரிங் கழன்றால் கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

டியூப் டயர் போடும் பல துண்டு ரிம்களில்தான் இந்த ஆபத்து அதிகம். நம் பக்கத்தில் லாக் ரிங் உட்காரும் காடி துருவால் நிறைந்திருக்கும், ரிங் உட்கார்ந்ததுபோலத் தெரியும், உட்கார்ந்திருக்காது. காடியைக் கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். ரிங் வளைந்திருந்தாலும், விரிசல் இருந்தாலும், வேறு ரிம்முடைய ரிங்காக இருந்தாலும் வேண்டாம். இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடியுங்கள். வாயில் தானாகக் கவ்வும் கிளிப்பும், நீளமான ஓஸும், உங்கள் கைப்பக்கம் மீட்டரும் வால்வும் இருக்கட்டும். காற்று ஏறும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பது பல பட்டறைகளில் நடக்கிறது. கை போவதும் தலை போவதும் அந்தத் தட்டில்தான். ரிங் கோணலாகத் தெரிந்தால் காற்றை முழுக்க இறக்கி முதலிலிருந்து தொடங்குங்கள்.

கழற்றும்போதும் இதே கவனம். வீல் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே ஜோடி டயரில் உள்டயர், வெளிடயர் இரண்டிலும் வால்வு பின்னை எடுத்துக் காற்றை இறக்குங்கள். விரிசல் விட்ட ரிம்மை நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும், அதைத் தளர்த்தியதும் பிளந்துகொள்ளும். காற்று நின்றதும் வால்வுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், அடைப்பு இருந்தால் காற்று உள்ளேயே இருக்கும்.

காற்றில்லாமல் வெகுதூரம் ஓடிவந்த டயரைக் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் காற்றடிக்காதீர்கள். பக்கச் சுவரின் உள்கம்பிகள் அறுந்திருந்தால் வரிசையாகக் கிழியும்.

மீன் வண்டியின் பெட்டியில் கதவுக் கீல் உடைந்துவிட்டது. வெல்டிங் வைத்துக் கொடுக்கலாமா?

கடலோரப் பட்டறைக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டிய வேலை இது. குளிர்ப்பெட்டியின் வெளித் தகட்டுக்கும் உள் தகட்டுக்கும் நடுவே மூன்று நான்கு அங்குலத்துக்கு மஞ்சள் நுரை அடைத்திருக்கும். பஃப் என்பார்கள். பழைய பெட்டிகளில் தெர்மோகோல். வெல்டிங்கின் சூடு தகட்டைத் தாண்டி அதில் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே கங்காகப் புகைந்துகொண்டிருக்கும். வெளியே புகை வராது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு இரவில் பற்றும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வெளிவரும். பெட்டிக்குள் நின்று வேலை பார்ப்பவர் நாலைந்து மூச்சில் மயங்கி விழலாம்.

கீலுக்கு ரிவிட் அல்லது போல்ட் போட்டு முடிக்க முடிந்தால் அதையே செய்யுங்கள், பெரும்பாலும் முடியும். வெல்டிங்தான் வேண்டுமென்றால் அந்த இடத்தைச் சுற்றி ஓரடிக்குத் தகட்டைத் திறந்து நுரையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மீதி நுரையின் ஓரத்தில் ஈரச் சாக்கை அடைத்து, பக்கத்தில் தீயணைப்பானோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். இரண்டு கதவும் திறந்திருக்கட்டும். முடிந்ததும் ஒரு மணி நேரம் வண்டியை வெளியே அனுப்பாமல் காவல் இருங்கள். புறங்கையைத் தகட்டின்மேல் அங்கங்கே வைத்துப் பாருங்கள். வேலை பார்த்த இடத்துக்கு எட்டத்தில் சூடு தெரிந்தால் உள்ளே நெருப்பு இருக்கிறது. மீன் வாடைக்கு அடியில் கருகிய சர்க்கரை போன்ற ஒரு காரவாடை வந்தாலும் அப்படித்தான்.

இன்னும் இரண்டு. மீன் தண்ணீரும் செதிலும் படிந்த தளம் சவுக்காரம்போல வழுக்கும், கழுவாமல் ஏறாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை வரும். அன்றிரவு குளிர்காய்ச்சலும் உடம்புவலியுமாகப் படுக்க வைக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லுவது உண்மையல்ல. வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுப்பதும், காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதும்தான் வழி.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டுமா?

ஆம். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி எரிந்துபோகும். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே, பக்கத்தில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் கரண்டு பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் அது முழுக்கக் காயாமல் வெல்டிங் வைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

டீசல் டாங்க் ஓட்டை. தண்ணீர் விட்டுக் கழுவிட்டு வெல்டிங் வைக்கிறோமே, டீசல் பத்தாதுல்ல?

டீசல் பற்றும். இந்தியத் தரக் குறிப்பின்படி டீசல் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி என்றுதான் வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மண்டபம் சாலையில் நின்ற வண்டியின் டாங்க் அதைவிடச் சூடாக இருக்கும். கழுவினாலும் மடிப்புகளிலும் அடிச்சேற்றிலும் எண்ணெய் ஒட்டியிருக்கும். வெல்டிங் சூட்டில் அதுவே ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் வெடிமருந்தாகிறது. காலி டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து.

உப்பில் அரித்த டாங்கின் ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று வரும். புது டாங்க் போடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு டாங்க் ஒட்டும் எப்பாக்சி பசை போதும். பெட்ரோல் டாங்கை எந்த நிலையிலும் வெல்டிங் செய்ய வேண்டாம்.

கிரைண்டர் வட்டு அடிக்கடி உடைகிறது. ஏன்?

ஈரம். வெட்டும் வட்டும் தேய்க்கும் வட்டும் பசையால் ஒட்டிய தூள்தான். கடற்காற்றில் திறந்து கிடந்தால் அந்தப் பசை வலுவிழக்கும். வட்டின் நடுவே உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. அதைப் பார்த்து வாங்குங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருங்கள். கீழே விழுந்த வட்டு வேண்டாம்.

நான்கு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதன் கார்டை (காப்புத் தகட்டை) கழற்றிவிட்டுப் பெரிய மெஷினுக்கான வட்டை மாட்டினால் வட்டு தன் அளவுக்கு மேல் சுற்றிச் சிதறும். மரம் அறுக்கும் பல்வட்டை இதில் மாட்டுவது அதைவிடக் கொடுமை, சிக்கினால் மெஷின் துள்ளித் தொடையிலோ கழுத்திலோ பாயும். புது வட்டை மாட்டியதும் முகத்துக்கு நேரே வைக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகு தொடங்குங்கள். கண்ணாடி கட்டாயம். கூலிங் கிளாஸ் அதற்குப் பதிலாகாது.

பேட்டரி வேலையில் எந்த ஒயரை முதலில் கழற்றுவது?

மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் நூற்றுக்கு 4 பங்கு இருந்தாலே பற்றும். வெடித்தால் ஆசிட் முகத்தில்தான் தெறிக்கும். இன்னொரு வண்டியிலிருந்து கரண்டு எடுக்கும்போதும் கடைசி கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள்.

முனையில் பூத்திருக்கும் பச்சை வெள்ளை உப்பை வாயால் ஊதாதீர்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றித் தேயுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் சோடா கூடாது, வெறும் தண்ணீர் மட்டும், இமையை விரித்துப் பிடித்து 20 நிமிஷம். அதற்கென்று ஒரு 20 லிட்டர் கேன் நல்ல தண்ணீரைப் பட்டறையில் தனியாக வையுங்கள். தீர்ந்துவிட்டால் உவர்ப்பாக இருந்தாலும் போர்த் தண்ணீரையே ஊற்றுங்கள், நேரம்தான் முக்கியம்.

வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி.யும் காற்றைவிடக் கனமானவை, குழியில் போய்த் தேங்கும். சி.என்.ஜி. லேசானது, கூரையில் சேரும். அதனால் எல்.பி.ஜி. ஆட்டோவைக் குழிமேல் நிறுத்தாதீர்கள். சி.என்.ஜி. வண்டிக்கு மேலே காற்று வெளியேற வழி வையுங்கள். சி.என்.ஜி. குழாயில் 200 பார் அழுத்தம் உண்டு. சிலிண்டர் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்ட பிறகே யூனியனில் கை வையுங்கள். சிலிண்டரைப் பட்டை கட்டியிருக்கும் இடத்தில் உப்பு அரித்திருக்கிறதா பாருங்கள். சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம், தேதி தகட்டில் இருக்கும்.

குழிக்குள் 230 வோல்ட் பல்பு கொண்ட கைவிளக்கு வேண்டாம். விழுந்து உடையும் பல்பின் இழை ஒன்றே போதும் ஆவி பற்ற. சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு கடைகளில் கிடைக்கிறது.

கரண்டு அடிக்கடி லேசாக "சுருக்" என்கிறது. பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். பிளக் பாயிண்டுக்குள் உப்பு ஈரம் படிந்து கசிகிறது, அல்லது எர்த் அறுந்திருக்கிறது. மெயினுக்குப் பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானே விழும் ஸ்விட்ச்) போடுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். மணல் தரையில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றி வர வேண்டும். பச்சை பூத்த சாக்கெட்டைத் தேய்த்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் மோட்டார் இருக்கும் இடத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓடவிடலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். கரண்டு போனால் ஓட்டும் ஜெனரேட்டரும் வெளியேதான் இருக்க வேண்டும்.

டீசல் பைப்பில் கசிவு. கையை வைத்துப் பார்த்தால் தெரியுமே?

காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பாருக்கு மேல் பாயும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிவந்த ஒரு புள்ளி மட்டுமே தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே டீசல் சதையைக் கெடுத்துக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து கழுவாவிட்டால் விரலை எடுக்க நேரிடும். மருத்துவமனையில் "குத்திவிட்டது" என்று சொல்லாமல், "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கிரீஸ் கன்னிலும் இதே ஆபத்து உண்டு. கசிவு தேட அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

லாரியின் பிரேக் சேம்பரை (காற்றால் பிரேக்கைத் தள்ளும் டப்பாவை) பிரித்து டயாப்ரம் மாற்றலாமா?

பின் சக்கரத்தின் இரட்டைச் சேம்பரில் ஒரு பக்கம் மட்டும்தான். பின்பக்க டப்பாவுக்குள் கிட்டத்தட்ட ஒரு டன் விசையுடன் அமுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்தால் டப்பா பீரங்கிக் குண்டாகும். முன்பக்க டயாப்ரமைத் தொடுவதற்கு முன்பே சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கேஜ் போல்ட்டை உள்ளே விட்டு, கால் திருப்பு திருப்பி மாட்டி, நட்டை இறுக்கி ஸ்பிரிங்கைக் கட்டிப்போடுங்கள். டப்பா துருவேறி, போல்ட் மாட்டும் இடமே அரித்திருந்தால் பிரிக்காமல் முழுச் சேம்பரையும் மாற்றுங்கள். நம் பக்கத்து வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

பிரேக் தூளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம், லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். காற்று ஓஸால் உடம்புத் தூசியை ஊதுவதும், விளையாட்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் அடிப்பதும் கூடாது. காற்று உடம்புக்குள் போய் உயிரையே எடுக்கும்.

கம்ப்ரசர் டாங்கை எவ்வளவு நாள் நம்பலாம்?

தினமும் மாலையில் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்கிறவரானால் பல ஆண்டு. வடிக்காவிட்டால் ஈரக்காற்று தண்ணீராகி அடியிலேயே நின்று, உள்ளிருந்து தகட்டைத் தின்னும். வடியும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் டாங்க் அரிக்கிறது என்று பொருள். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஊசித்துளைக் கசிவு வந்த டாங்கை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள்.

கடல் தண்ணீர் புகுந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பட்டறைக்குள் எடுக்கலாமா?

கூடாது. உப்புநீர் பேட்டரிக்குள் கரண்டுக்குப் புது வழி போட்டுவிடும். அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு சில நாள் கழித்தும் பற்றலாம். சார்ஜ் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். கட்டடத்துக்கும் மற்ற வண்டிகளுக்கும் 50 அடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, கம்பெனி ஆளை வரச் சொல்லுங்கள். எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற ஒயரைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

வேட்டி, லுங்கியோடு வேலை பார்த்தால் என்ன?

ஓடும் இன்ஜினில் பேன் பெல்ட் முதலில் பிடிப்பது தொங்கும் துணியைத்தான். லுங்கியும் தோள் துண்டும் வேண்டாம். கைக்காப்பும் மோதிரமும் பேட்டரி முனைக்கும் பாடிக்கும் நடுவே பட்டால் நொடியில் பழுத்து, விரலைச் சுட்டுக்கொண்டு உட்காரும். கோயில் கயிற்றை அறுக்க மனமில்லாதவர்கள் இறுக்கமான முழுக்கைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை எண்ணெய் வேலைக்கு நல்லது, சுற்றும் டிரில்லுக்கும் லேத்துக்கும் பக்கத்தில் கெடுதல்.

எண்ணெய்க் கையைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். அதில் உள்ள பென்சீன் தோல் வழியாகவும் ஏறும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து அழுக்கை இளக்கி, பிறகு சோப்புத்தூள் போட்டுக் கழுவுங்கள்.

எந்தத் தீயணைப்பான் வாங்குவது?

6 கிலோ ஏ.பி.சி. பவுடர் இரண்டு. ஒன்று வாசல் பக்கம், ஒன்று வெல்டிங் இடத்தில். தரையில் வைக்காமல் மாட்டுங்கள், தரையில் வைத்தால் அடிவளையம் ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும். மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, அப்படியே அடிப்பாகத்தையும் தடவிப் பாருங்கள். எண்ணெய் நெருப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணல் இரண்டு வாளி எப்போதும் இருக்கட்டும், அது மட்டும் நமக்கு இலவசம்.

பாம்பன் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். அங்கேயே பார்க்கலாமா?

1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், எதிரும் புதிருமாக இரண்டே வரிசை. காற்று ஓயாது. சுற்றிப்பார்க்க வருகிற வண்டிகளோடு, கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களும் உண்டு. அங்கே ஜாக்கி வைக்காதீர்கள். இழுத்து மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ கொண்டுவந்து பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்றால் சாலையை விட்டு இறக்கி, முக்கோணப் பலகையைப் பின்னால் 50 மீட்டரிலும், வளைவு என்றால் வளைவுக்கு முன்னாலும் வையுங்கள்.

லீவு நாளில் பையனை வேலை பழக அனுப்பலாமா?

14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2016 திருத்தத்துக்குப் பிறகான சட்டம். 18 வரை ஆபத்தான வேலைக்கும் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டிக்கு அடியில் சின்ன உடம்புதான் நுழையும் என்று பையனை அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். தொழில் பழக ஐ.டி.ஐ. இருக்கிறது.

18 முதல் 60 வயதுவரை உள்ள மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும், அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் மோட்டார் வாகனம் பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கான தமிழக அரசின் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். விபத்து உதவிக்கு அந்த அட்டை வேண்டும். ராமநாதபுரம் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடிபட்டால் முதலில் என்ன செய்வது?

108-ஐக் கூப்பிடுங்கள். பட்டறையின் பெயர், பக்கத்து அடையாளம், எந்தச் சாலை என்பதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வைத்திருந்தால் பதற்றத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள். வண்டிக்கு அடியில் ஆள் சிக்கினால் இழுக்காதீர்கள். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பிறகு எடுங்கள். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் ஓடும் தண்ணீர், வேறெதுவும் தடவ வேண்டாம்.

விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். நம் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்பதால் பலர் விரலை நேராக ஐஸ் கட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் சதை உறைந்து செத்துவிடும், பிறகு ஒட்டவைக்க முடியாது. பையின்மேல் வெட்டுப்பட்ட நேரத்தை எழுதி, ஆளோடு அதே வண்டியில் அனுப்புங்கள்.